முளையடித்து நெய்யும் தறி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பலூச் நாடோடிக் குடும்பங்களின் நெசவு பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலும் பரவியிருக்கும் பலூச்சிஸ்தானில், ஆடு ஒட்டகங்களோடு இடம்பெயரும் பெண்கள் தறியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு டெல்டாவின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க அந்தப் பேச்சுதான். பட்டுச்சேலைக் கறை, சரிகைச் சந்தேகம் எல்லாம் அடுத்த இதழில்.

பாதி நெய்த தறியைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா அம்மா? எங்கள் வீட்டில் பாவு (நீளவாட்டு நூல்) ஏற்றிவிட்டால் சேலை முடிகிறவரை குழந்தைகளைத் தறிப்பக்கமே விடமாட்டார்கள்.
— இளம் நெசவாளர், திருபுவனம்

முடியும் தம்பி. நம் குழித்தறியை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் முடியாது என்று தோன்றுகிறது. நமக்குக் காலை இறக்கக் குழி வேண்டும், மிதிபலகை வேண்டும், தலைக்கு மேலே கோலத்துக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டி, அதைத் தாங்க உத்தரம். வீடு கட்டும்போதே தறி எங்கே வரும் என்று பார்த்துத்தான் கட்டுகிறோம். தறியை இடம் மாற்றினால் ஒரு வாரப் பிழைப்பு போச்சு.

அவர்களுடைய தறிக்குக் காலும் இல்லை, குழியும் இல்லை. இரண்டு கட்டைகள், அவற்றைத் தரையோடு இழுத்துப் பிடிக்க நான்கு முளைகள். ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் நடுவே பாவு தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கிடக்கும். விழுது, அதாவது பாவு இழைகளைப் பிடித்துத் தூக்கும் நூல் வளையங்கள், கட்டிய குச்சியைக் கல்மேலோ முக்காலிபோல் கட்டிய கம்புகள்மேலோ தூக்கி வைத்தால் இழைகளுக்கு நடுவே ஒரு பிளவு திறக்கும். குறுக்கே கொடுத்திருக்கும் தட்டைக் குச்சியை நிமிர்த்தினால் மறு பிளவு. ஊடை என்னும் குறுக்கு நூலை அந்தப் பிளவில் கையால் நுழைத்து, இரும்புப் பல் வைத்த கனமான சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். நெய்த பகுதியின்மேலேயே உட்கார்ந்து, நெய்ய நெய்ய முன்னே நகர்ந்துகொண்டே போவார்கள்.

கிளம்ப வேண்டிய நாள் வந்தால் முளையைப் பிடுங்கிவிட்டு, பாதித் துணியையும் மீதிப் பாவையும் கட்டையோடு சேர்த்துச் சுருட்டி ஒட்டகத்தின்மேல் கட்டிவிடுவார்கள். அடுத்த இடத்தில் மறுபடி முளை. மண் இறுக்கம் இடத்துக்கு இடம் மாறும், பாவின் இழுப்பும் கூடவே மாறும். அகலத்தைக் காக்க நமக்கு இருப்பதுபோல், இழைகளைச் சீராகப் பிரித்துவைக்கும் அச்சும் இல்லை. கரையைக் கையும் கண்ணும்தான் காக்க வேண்டும். அதனால் நாடோடிக் குடும்பத்தின் பழைய கம்பளத்தைத் தரையில் விரித்தால், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருக்கும். நடுவில் ஒரு வளைவுகூட இருக்கும். திருபுவனத்தில் அப்படி ஒரு சேலையை இறக்கினால் சங்கத்தில் எடுக்கமாட்டார்கள். நான் அந்த வளைவைப் பார்த்தால், இங்கே ஒரு முறை முளை பிடுங்கியிருக்கிறார்கள் என்று விரல் வைத்துத் தொட்டுப் பார்ப்பேன்.

எங்க அத்தா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த பலூச் நண்பர் ஊருக்குக் கிளம்பும் சமயம் ஒரு பை கொடுத்தாராம். இரண்டு பையை ஒன்றாகத் தைத்ததுபோல் இருக்கும். அத்தா மவுத்தாகிவிட்டார். பரணில் கிடந்த அதை இப்போதுதான் இறக்கினோம். அது என்ன பை? வாஷிங் மெஷினில் போடலாமா?
— ஒரு வாசகி, கூத்தாநல்லூர்

மெஷினில் போட்டுவிடாதே தங்கச்சி! படம் அனுப்பியிருந்தாய், ஆனால் படத்தில் நெசவு தெரியாது என்பதால் நேரிலேயே வந்து பார்த்தேன் இல்லையா? மற்ற வாசகர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

அது கழுதைமேலும் ஒட்டகத்தின்மேலும் போடும் இரட்டைப் பை. பாரசீகத்தில் குர்ஜீன் என்பார்கள். ஒரே நீளத் துணியாக நெய்து, இரண்டு முனைகளையும் உள்பக்கமாக மடித்துப் பக்கங்களைத் தைத்துவிட்டால் இரண்டு பை. நடுவில் உள்ள பட்டை விலங்கின் முதுகில் படியும், பைகள் இரண்டு பக்கமும் தொங்கும். உங்கள் வீட்டுப் பையில் கம்பளத்தில் வருவதுபோல் முடிச்சு இல்லை, முழுக்கத் தட்டை நெசவு. சிவப்பும் கருநீலமும் மாறி மாறி வரும் பட்டைகளுக்குள் சின்னச் சின்னச் சாய்சதுரங்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கோலம் போட்ட நூல் அங்கே தளர்வாக ஓடுகிறது. நம் ஆட்கள் புட்டாவுக்குத் தனி ஊடை கொடுப்பதுபோலவே, அடிப்படை ஊடைக்கு நடுவே கோலத்துக்கென்று இன்னொரு ஊடையைக் கையால் செலுத்தியிருக்கிறார்கள். நமக்கு ஜக்கார்டு அட்டை எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிவிடும். அந்தப் பெண் ஒவ்வொரு வரிசையிலும் தானே இழை எண்ணியிருக்கிறாள். வரைந்து வைத்த தாள் எதுவும் கிடையாது. அம்மா நெய்ததைப் பார்த்து மகள், மகளைப் பார்த்துப் பேத்தி என்று தலையிலேயே இருக்கும் கோலம்.

பையின் வாய்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விளிம்பில் வரிசையாகப் பிளவு, மறு விளிம்பில் வெள்ளாட்டு முடியில் பின்னிய வளையங்கள். முதல் வளையத்தைப் பிளவு வழியே இழுத்து, அதற்குள் இரண்டாவதை நுழைத்து, அதற்குள் மூன்றாவதை நுழைத்துக்கொண்டே போனால் பை மூடிவிடும். கடைசி வளையத்தில் ஒரு பூட்டு. ஊசியும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். நீயும் உன் அம்மாவும் நானும் சேர்ந்து மூடிப் பார்த்தோமே, எவ்வளவு சுலபம்!

கீழ் விளிம்பில் சோழிகள் தைத்திருந்தன. நடுவே இரண்டு இடத்தில் சோழி விழுந்துபோய், அங்கே வெள்ளைச் சட்டைப் பொத்தானைத் தைத்திருந்தார்கள். தயவுசெய்து அந்தப் பொத்தானைப் பிரிக்காதீர்கள். சட்டைப் பொத்தானை அவர்கள் சோழியோடு சேர்த்தே அலங்காரமாகத் தைப்பதுண்டு. பொத்தான் இருப்பதால் பை புதுசு என்றோ போலி என்றோ நினைக்க வேண்டாம்.

மஸ்கட்டில் பலூச் மக்கள் எப்படி என்று உன் அம்மா கேட்டார். அது பழைய தொடர்பு. பலூச்சிஸ்தான் கரையில் இருக்கும் குவாதர் துறைமுகமே 1958 வரை ஓமன் சுல்தானிடம்தான் இருந்தது. சுல்தானின் படையில் தலைமுறை தலைமுறையாகப் பலூச் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். மஸ்கட்டை ஒட்டிய மத்ராவில் அவர்கள் நிறையப் பேர்.

சரி, சுத்தம் செய்யும் வழி. நிழலில் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டுங்கள். மென்மையான தூரிகையால் நூல் ஓடும் திசையில் துடையுங்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பின்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. மழைக்காலத்தில் கம்பளியை அரிக்கும் பூச்சி வரும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை, மார்கழி கழிந்து ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே போடலாம். பரணில் மட்டும் திரும்ப வைக்க வேண்டாம். உன் அத்தாவின் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னாய். வெயில் நேராக அடிக்காத சுவர்தான் அது, தாராளமாக மாட்டு.

எங்கள் வயலில் வருஷா வருஷம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். அவர்களும் ஆட்டோடு அலைகிறவர்கள்தான். பலூச் மக்களைப்போல் அவர்கள் ஏன் எதுவும் நெய்வதில்லை?
— விவசாயி, ஒரத்தநாடு

அருமையான கேள்வி ஐயா. முதல் காரணம் ஆட்டின் உடம்பிலேயே இருக்கிறது. கிடையில் வரும் ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் எல்லாம் முடியாடுகள். உடம்பில் குட்டை முடிதான் இருக்கும், நூற்பதற்கான கம்பளி இல்லை. தமிழ்நாட்டில் கம்பளி தருகிற ஆடு வேறு. திருச்சிக் கருப்பு, கோயம்புத்தூர், நீலகிரி ஆடுகள் அந்த வகை. நம் பக்கம் கம்பளி நெய்த குரும்பர்கள் அந்த மாதிரி ஆடுகளை வைத்துத்தான் நெய்தார்கள். பலூச் செம்மறிக்கோ கொழுத்த வால், உடம்பு நிறைய முரட்டுக் கம்பளி. உடுத்தினால் குத்தும், தரையில் விரிக்கவும் பை நெய்யவும் அதைப்போல் உழைக்கும் நூல் கிடையாது. அதோடு வெள்ளாட்டு முடி, ஒட்டக முடி. மூன்றையும் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் குளிர். பாகிஸ்தான் பலூச்சிஸ்தானின் கலாத் மேட்டுநிலத்தில் பனி பெய்யும். அங்கே தரையில் படுக்கக் கம்பளம் இல்லாமல் ஒரு குடும்பம் பிழைக்காது. உங்கள் வயலுக்குக் கீதாரி வருவது மாசி பங்குனியில், சம்பா அறுத்த தாளுக்கு. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் பேச்சு வந்தால் கிளம்ப ஆரம்பிப்பார். அந்த வெயிலில் கம்பளத்துக்கு வேலையே இல்லை. கூடவே, கீதாரியின் குடும்பம் பெரும்பாலும் ஊரில் இருக்கும். ஆண்கள்தான் ஆட்டோடு நடக்கிறார்கள். பலூச் இடப்பெயர்ச்சியில் வீடே நடக்கிறது. பாட்டி, கைக்குழந்தை, கோழி, மாவுப் பை, திருகைக் கல் எல்லாமே. நெய்கிற பெண்களும் அந்த நடையில் இருப்பதால் தறியும் கூட நடக்கிறது.

ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி. கீதாரி உங்கள் மண்ணுக்கு எருவைக் கொடுத்து நெல்லோ பணமோ வாங்கிக்கொள்கிறார். கலாத் மேட்டிலிருந்து பனிக்காலத்தில் போலான் கணவாய் வழியாகக் கச்சிச் சமவெளிக்கு இறங்கும் குடும்பங்களும் அங்கே சோள அறுவடைக்கு ஆளாக நின்று தானியம் வாங்கிக்கொண்டு திரும்பும். ஈரான் பக்கம் சர்ஹத் மேட்டிலிருந்து பேரீச்சை அறுவடைக்கு மஷ்கெல் பள்ளத்துக்கு இறங்குவார்கள். நாடோடி என்றால் போக்கிடம் தெரியாமல் திரிகிறவன் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. எந்த மாதம் எங்கே புல், எங்கே தண்ணீர், எங்கே அறுப்பு என்று கணக்காகத் தெரிந்தவர்கள் அவர்கள். உங்களுக்கே தெரியும், கீதாரி உங்கள் வயலுக்கு வழி தவறி வருவதில்லை.

உப்புக்கென்று தனியாக ஒரு பை நெய்வார்களாமே, உண்மையா? உப்பளத்துக்காரன் என்பதால் கேட்கிறேன்.
— வேதாரண்யம் வாசகர்

உண்மை. நமக்தான் என்று பெயர். அகன்ற வயிறு, குறுகிய கழுத்து. கழுத்தை மடித்து வயிற்றின்மேல் போட்டால் மூடி ஆகிவிடும். ஒட்டகம் ஆடி ஆடி நடந்தாலும் உப்பு சிந்தாது. அதைவிட முக்கியம், ஆடு மூக்கை உள்ளே விட முடியாது. உப்பு அவர்களுக்குச் சமையலுக்கு மட்டும் இல்லை, மந்தைக்கும் வேண்டும். மேய்ப்பவர் கையில் உப்பு இருந்தால் ஆடு அவர் குரலுக்கு ஓடி வரும்.

தறியில் இந்த வடிவத்தைக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. சதுரமாக நெய்து கத்தரித்துத் தைத்தால் சீக்கிரம் கட்டுவிட்டுப் பிரிந்துவிடும். அதனால் கழுத்து வரும் இடத்தில் இரண்டு ஓரத்திலும் ஊடையை நிறுத்திவிட்டு நடுப்பாவில் மட்டும் நெய்துகொண்டு போவார்கள். அந்த அளவுக்கு யோசித்து, முன்பக்கம் முழுக்கக் கோலம் போட்டு, பின்பக்கம் வெறும் பட்டையாக விடுவார்கள். கூடாரக் கம்பில் தொங்கும்போது முன்பக்கம்தானே கண்ணில் படும்.

உங்கள் ஊர் உப்பு சாக்கில் அடைபட்டு லாரி ஏறிவிடுகிறது. அவர்கள் அதே பொருளுக்குக் குங்குமச்சிமிழ் செய்வதுபோல் ஒரு பை செய்து வைத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆட்டு முடிக் கூடாரம் மழைக்குத் தாங்குமா? எங்கள் ஊர்ப் புயலில் தகரமே பறக்கிறது.
— வாசகி, தலைஞாயிறு

கஜா அடித்தபோது உங்கள் பக்கம் பட்ட பாடு தெரியும் அம்மா. அந்த மாதிரிக் காற்றுக்கு எந்தக் கூடாரமும் நிற்காது. அவர்கள் இருப்பது மழை குறைந்த நாடு, அதற்கேற்ற கூரை அது.

கிதான் என்று அந்தக் கூடாரத்துக்குப் பெயர். வெள்ளாட்டு முடியைக் கத்தரித்து நூற்று, நீளப் பட்டைகளாகப் பெண்கள் நெய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்துவிடுவார்கள். வளைத்த கம்புகள் மேல் அதைப் போர்த்தினால் நம் கூண்டுவண்டி மாதிரி வளைவாக நிற்கும். நெசவு கொஞ்சம் தளர்வாக இருப்பதால் உள்ளே அடுப்பு மூட்டினாலும் புகை வெளியே போய்விடும், காற்று வரும். மழை பட்டால் முடி ஊறி உப்பி, இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அடைபடும். ஆட்டு முடியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, தண்ணீர் வழிந்து ஓடிவிடும். ஒரு பட்டை நைந்துபோனால் அதை மட்டும் பிரித்துவிட்டுப் புதுப்பட்டை தைத்தால் போதும்.

மக்ரான் கடற்கரைப் பக்கம் போனால் ஆட்டு முடியைவிடக் குட்டைப்பனையின் ஓலைதான் அதிகம். பீஷ் என்பார்கள் அதை. பாய், கயிறு, கூடை, காலுக்குச் செருப்பு வரை அந்த ஓலையில்தான். நம் தைக்கால் பக்கத்துப் பாய் வேலைக்காரர்கள் பார்த்தால் உடனே கைவைத்துப் பார்ப்பார்கள்.

மெஹர்கர் என்ற இடத்தில் உலகத்தின் பழைய பருத்தி நூல் கிடைத்தது என்று பாடம் சொன்னார்கள். அதுவும் பலூச்சிஸ்தான்தானா?
— பள்ளி மாணவி, பட்டுக்கோட்டை

ஆமாம் கண்ணு. போலான் கணவாயின் அடிவாரத்தில், கச்சிச் சமவெளியில் இருக்கிறது. ஒரு செப்பு மணியின் துளைக்குள் கோத்திருந்த நூலின் இழைகள் உலோகத் துருவில் ஊறிக் கெட்டிப்பட்டு மிஞ்சியிருந்தன. கி.மு. ஆறாயிரத்தை ஒட்டிய காலத்துக் கல்லறையில் கிடைத்த மணி அது. இழைகள் பருத்தி என்று ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். பலூச் மக்கள் அந்த நிலத்துக்கு வந்தது அதற்கு ரொம்பப் பின்னால்தான், அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதே.

பலூச்சிஸ்தானில் திராவிட மொழி பேசும் பிராகுயி மக்களும் நெய்கிறார்களா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு

நெய்கிறார்கள் ஐயா. கலாத்தைச் சுற்றியுள்ள பிராகுயி மக்கள் பலூச் மக்களோடு பக்கத்தில் பக்கமாக வாழ்கிறவர்கள், சம்பந்தம் செய்கிறவர்கள். அவர்களின் கைவேலை பெரும்பாலும் தட்டை நெசவு. விரிப்பு, மாவுத் துணி, தானியப் பை என்று. பாகிஸ்தான் பலூச்சிஸ்தானில் பொதுவாகவே தட்டை நெசவுதான் அதிகம். உலகச் சந்தையில் பலூச் கம்பளம் என்று விற்கும் முடிச்சுக் கம்பளங்களில் பெரும்பகுதி ஈரானின் கொராசானிலும் மேற்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கத்திலும் குடியேறிய பலூச் குடும்பங்கள் நெய்தவை. வியாபாரிகள் எல்லாவற்றுக்கும் பலூச் என்று ஒரே சீட்டு ஒட்டிவிடுவதால் பிராகுயிப் பெண்களின் கைவேலை பேரில்லாமல் போகிறது. நம் கூறைநாட்டுச் சேலையை வேறு ஊர்ப் பேரில் விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? எனக்கு அதே வருத்தம்தான் இதிலும்.

அவர்கள் கம்பளம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

ஆட்டின் நிறமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கறுப்பு, பழுப்புக் கம்பளியைச் சாயம் போடாமல் அப்படியே எடுப்பார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்துக்கு அவுரி, மாதுளைத் தோல், அக்ரூட் தோல், நிறம் பிடிக்கப் படிகாரம். அவுரியில் பலமுறை முக்கி எடுத்தால் நீலம் கறுப்பைத் தொட்டுவிடும். இந்த அடர்த்திக்கு நடுவே அங்கங்கே வெள்ளைக் கம்பளியில் ஒரு புள்ளி, ஒரு கோடு. வெள்ளையை அவர்கள் சிக்கனமாகத்தான் எடுப்பார்கள், அதனால்தான் அந்தப் புள்ளி அப்படி மின்னுகிறது.

பழைய கம்பளத்தின்மேல் கையை மெதுவாக ஓட்டிப் பார், இன்னொன்று தெரியும். கரும்பழுப்பு இருக்கும் இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். இரும்புச் சத்து சேர்த்துக் கறுப்பாக்கிய கம்பளி காலப்போக்கில் அரித்துப்போகும், பக்கத்துச் சிவப்பும் நீலமும் உயர்ந்து நிற்கும். உன் ஊருக்குப் பக்கத்திலேயே சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுகிறவர்கள் இரும்பும் வெல்லமும் ஊறவைத்துத்தான் கறுப்பு எடுக்கிறார்கள். இரும்புக் கறுப்பின் குணம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும், போய்க் கேட்டுப் பார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரசாயனச் சாயம் வந்தபிறகு அங்கேயும் பச்சை ஆரஞ்சு எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது.

பலூச் பெண்களின் சட்டையில் முன்பக்கம் ஏன் அவ்வளவு நீளமாக ஒரு பை?
— தையல்காரர், அதிராம்பட்டினம்

அந்தச் சட்டைக்குப் பஷ்க் என்று பெயர். நான்கு இடத்தில் பூவேலை வரும். மார்பில் ஒரு பலகை, இரண்டு கைகளின் முனையில் ஒவ்வொன்று, அப்புறம் நீங்கள் கேட்ட பை. இடுப்பிலிருந்து ஓரம் வரை இறங்கும், மேலே கூராக இருக்கும். ஊசி, நூல், சாவி, குழந்தைக்குக் கொடுக்கும் பேரீச்சை எல்லாம் அதற்குள் போகும். நடந்துகொண்டே இருக்கும் பெண்ணுக்கு இரண்டு கையும் காலியாக வேண்டும் இல்லையா?

அந்தப் பூவேலைக்குத் தோச் என்பார்கள். மேலே வரைந்துகொண்டு தைப்பதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணித் தைப்பது. முக்கோணம், சாய்சதுரம், கட்டம் எல்லாம் எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன. ஒரு சட்டைக்கான நான்கு பலகைகளும் முடிய மாதக்கணக்கில் ஆகும். சிபி, கச்சிப் பக்கம் சின்னக் கண்ணாடித் துண்டுகளையும் சேர்ப்பார்கள். ஈரானில் பம்பூர்ப் பக்கத்து மஹ்தாப் நவ்ரூசி இந்த ஊசி வேலையால் நாடறிந்தவர். ராணி ஃபரா பஹ்லவியின் உடைகளில் அவர் கைவேலை இருந்தது.

சட்டை கிழிந்தால் பலகைகளைப் பிரித்துப் புதுச்சட்டையில் தைத்துக்கொள்வார்கள். அம்மாவின் பலகை மகளின் கல்யாணச் சட்டைக்குப் போகும். நம் வீடுகளில் பழைய பட்டுச்சேலையைச் சரிகைக்காரனிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம், அவன் எரித்து வெள்ளி எடுக்கிறான். கொடுக்கும் முன் முந்தானையை மட்டுமாவது வெட்டிவைத்துப் பேத்தி பாவாடைக்குத் தைத்துப் போடுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

துபாயிலிருந்து தம்பி ஒரு பலூச் கம்பளம் வாங்கி வருவதாகச் சொல்கிறான். எதைப் பார்த்து வாங்கச் சொல்லலாம்?
— வாசகி, மயிலாடுதுறை

முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கையால் முடிந்ததில் முன்பக்கத்துக் கோலம் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரியும். பின்பக்கம் ரப்பரோ துணியோ ஒட்டியிருந்தால் நகரலாம். பக்கக் கரையைத் தடவினால் முரட்டு வெள்ளாட்டு முடி சுற்றியிருப்பது கையில் உறுத்தும், அது நல்ல அடையாளம். இரண்டு முனையிலும் முடிச்சில்லாத தட்டை நெசவு கொஞ்ச தூரம் ஓடி, அதிலும் ஒரு சின்னக் கோலம் இருந்தால் இன்னும் நல்லது. பல வியாபாரிகள் அதை வெட்டிவிடுவார்கள். ஒரே சிவப்பு திடீரென்று பட்டையாக வேறு சிவப்பாக மாறியிருக்கிறதா? குறை என்று நினைக்க வேண்டாம். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டி போட்டிருக்கிறார்கள். ஒரு இழை பிடுங்கிக் கொளுத்தினால் தலைமுடி கருகும் வாசனை வர வேண்டும். பிளாஸ்டிக் வாடை வந்தால் கம்பளி இல்லை.

பெரிசாக வேண்டும் என்று தம்பி தேடினால் கிடைப்பது கஷ்டம். தரைத்தறியின் அளவும் கூடாரத்தின் அளவும் சின்னது என்பதால் அவர்கள் நெய்வதும் சின்னதுதான். தொழுகை விரிப்பு, துணிமணி திணித்துச் சாய்ந்துகொள்ளும் பாலிஷ்த் என்ற திண்டுப் பை, இந்த அளவில்தான் நல்லவை கிடைக்கும்.

இப்போதும் அப்படி அலைகிறார்களா, இல்லை எல்லாம் முடிந்துவிட்டதா?
— வாசகர், நன்னிலம்

முடியவில்லை, ஆனால் ரொம்பவே சுருங்கிவிட்டது. ஈரானில் ரேசா ஷா காலத்தில் 1928க்குப் பிறகு பலூச் தலைவர்களை அடக்கி, நாடோடிகளை ஓரிடத்தில் குடியேற்ற நெருக்கினார்கள். 1979இல் ஆப்கானிஸ்தானில் போர் தொடங்கியபின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகதிகளானார்கள். அந்தக் காலத்தில் நெய்த சில கம்பளங்களில் பூவும் மரமும் இருந்த இடத்தில் டாங்கியும் ஹெலிகாப்டரும் வந்துவிட்டன. பிறகு 1998 முதல் 2002 வரை கடும் வறட்சி. பலூச்சிஸ்தானில் மந்தை மந்தையாக ஆடுகள் செத்தன. ஆடு போனால் கம்பளி போச்சு, கம்பளி போனால் தறிக்கு என்ன வேலை? இன்று ஒட்டகத்துக்குப் பதில் பிக்கப் வண்டி, கிதானுக்குப் பதில் தார்ப்பாய் என்று நிறையக் குடும்பங்கள் மாறிவிட்டன. குடியேறிய பெண்கள் சந்தைக்காக நெய்கிறார்கள். அதுவும் நல்ல வேலைதான். தனக்கென்று ஒரு உப்புப் பை நெய்கிற பெண் குறைந்துவிட்டாள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தத் தரைத்தறியைக் கட்டிக் காட்ட ஆசை. இங்கே முடியுமா?
— கைத்தொழில் ஆசிரியை, அம்மாப்பேட்டை

தாராளமாக முடியும் டீச்சர். இரண்டு மூங்கில், நான்கு கருவேல முளை, ஆள் நீளத்துக்கு ஒரு பாவு போதும். பாவுக்கு முறுக்கிய பருத்திக் கயிறு எடுங்கள், ஊடைக்குக் கடையில் விற்கும் பின்னல் கம்பளி நூல். விழுதுக்கு ஒரு சிலம்பக் கம்பு, அதைத் தூக்கி வைக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல். அடிக்க மரச்சீப்புப் போதும், சாப்பாட்டு முள்கரண்டியும் ஆகும். முதலில் வெறும் பட்டை நெய்யட்டும், இரண்டு நிறம் போதும். பாதியில் ஒரு நாள் முளையைப் பிடுங்கிச் சுருட்டி, மைதானத்தின் மறுகோடியில் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். இப்போது வேண்டாம், கார்த்திகை ஈரத்தில் நம் களிமண்ணில் முளை நிற்காது. பொங்கல் கழியட்டும், மண் இறுகிவிடும். முளையை நேராக அடிக்காமல், பாவு இழுக்கும் பக்கத்துக்கு எதிராகத் தலை சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். சந்தேகம் வந்தால் எழுதுங்கள், நானே ஒரு நாள் வருகிறேன்.